செம்புகொட்டி எழுதிய தன்னுருவம்: புணே கங்காராம் தாம்பட்டும் கரிக்கோல் ஓவியமும்

நெடுநல்வாடையைப் படித்தவர்களுக்குப் ‘புனையா ஓவியம்’ என்ற சொல் நினைவிருக்கும். தலைவனைப் பிரிந்து, அணிகலன்களைக் கழற்றிவிட்டு இருக்கும் பாண்டிமாதேவிக்கு அது உவமை. மணிமேகலையிலும் இதே சொல் வருகிறது. வண்ணம் தீட்டாமல் கோட்டினால் மட்டும் வடிவம் காட்டிய படம் என்பது உரைகாரர் தரும் பொருள். உவமை என்றால் கேட்பவர் கண்ணால் கண்ட பொருளாக இருக்க வேண்டும். ஆகவே வெறுங்கோட்டு ஓவியம் நம்மவர்க்குப் பழக்கமான ஒன்றே என்று துணிந்து சொல்லலாம்.

ஆனால் அந்த உவமை எதற்காக வருகிறது என்பதையும் பார்க்க வேணும். நகையில்லாத அரசி மாதிரி, நிறமில்லாத படம். இருக்க வேண்டியது இல்லை என்ற குறையைச் சொல்லவே அது வருகிறது. வண்ணம் ஏற்றிய பிறகுதான் படம் முழுசாகும், அதுவரை அது பாதிவேலை என்ற எண்ணம் அந்த உவமைக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. கோடும் நிழலும் மட்டுமே வைத்து, இதுவே முடிந்த படம் என்று ஒருவர் ஒரு முகத்தைக் காட்டும் வழக்கம் நம் பக்கம் கரிக்கோலோடு வந்தது. பென்சில் என்று எல்லாரும் சொல்லும் அந்தக் கரிக்கோலால் தன் முகத்தைத் தானே எழுதுவது இன்னும் பிந்தியது. அது நாம் பிழைக்க வந்த இந்தப் புணேயில் எப்படி ஆரம்பித்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்நாட்டில் முகங்களுக்குப் பஞ்சமில்லை. மாமல்லபுரம் ஆதிவராகர் குகையில் பல்லவ அரசர் இருவர் தத்தம் தேவியரோடு நிற்கிறார்கள். மகேந்திரவர்மனுக்குச் சித்திரகாரப்புலி என்றே பட்டம். புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலில் தூணில் அரசன் முகமும் அரசி முகமும் இன்றும் மங்கலாகத் தெரிகின்றன. அந்தக் குகைக் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்துக் கல்வெட்டு, அதாவது 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, சொல்கிறது. புதுப்பித்தவர் பெயர் கிடைத்தது, அரசன் முகம் கிடைத்தது. தாமரைக் குளத்தைத் தீட்டிய கைக்கு உரியவன் பெயரும் இல்லை, முகமும் இல்லை. நான் மூன்று முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஆள் எங்காவது ஒரு மூலையில் தன்னை எழுதி வைத்திருக்க மாட்டானா என்று தேடியிருக்கிறேன். இல்லை.

நான் பாத்திர வியாபாரி. வந்தவாசிப் பக்கத்திலிருந்து எங்கப்பா 1950களில் பூனாவுக்கு வந்து, ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதி, பிறகு சொந்தமாகச் சின்னக் கடை போட்டார். கஸ்பா பேட்டையில் ஒரு பழைய வாடாவின் கீழ்த்தளத்தில் ஒண்டுக்குடித்தனம். அங்கிருந்து நாலு சந்து தள்ளித் தாம்பட் ஆளி. மராத்தியில் தாம்பட் என்றால் செம்பு வேலை செய்பவர், ஆளி என்றால் தெரு. நம்மூர்க் கன்னார் தெரு மாதிரி. பேஷ்வாக்கள் காலத்திலிருந்து அங்கே செம்பு தட்டுகிறார்கள். வெந்நீர் போடும் செம்பு பம்பு, குடம், அண்டா என்று நான் பிற்பாடு கொள்முதல் செய்ததெல்லாம் அந்தத் தெருவில்தான். சுத்தியலால் ஒரே சீராகத் தட்டித் தட்டிச் செம்பின்மேல் சிறுசிறு குழிகளாகப் பளபளப்பு ஏற்றுவார்கள். அதற்கு மாட்டார்காம் என்று பெயர். கோடு பிசகாமல் நூற்றுக்கணக்கான தட்டு. கை நிதானம் என்றால் என்ன என்பதை நான் பார்த்தது அங்கேதான்.

அந்தத் தாம்பட் குலத்தில் பிறந்தவர் கங்காராம் சிந்தாமண் நவ்கிரே தாம்பட். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் புணேயில் வாழ்ந்தவர். அவரைப் பற்றி முதலில் ஒரு ஆங்கில நூலில் படித்தேன். ஆளிக்குப் போய், பட்டறை பட்டறையாக விசாரித்தேன். பெயரை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஒரு பெரியவர் மட்டும் சுத்தியலை வைத்துவிட்டு, “சேட்ஜி, அவர் தட்டிய பாத்திரம் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டார். பாத்திரம் இல்லை, படம்தான் என்றேன். அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

கதை இதுதான். 1786இல் பேஷ்வா தர்பாருக்கு ஆங்கிலக் கம்பெனியின் ரெசிடெண்டாகச் சார்லஸ் மாலெட் என்பவர் வந்தார். முளா ஆறும் முடா ஆறும் கூடும் சங்கமத்தில் அவருடைய இருப்பிடம். நம் ஏரவாடாவிலிருந்து ஆற்றோடு மேலே போனால் சில கிலோமீட்டர்தான். (1817 நவம்பரில் கட்கிப் போர் மூண்டபோது அந்த ரெசிடென்சியைக் கொளுத்திவிட்டார்கள்.) 1791இல் ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் பம்பாயில் வந்து இறங்கினார், மறு வருஷம் பூனாவுக்கு வந்தார். சவாய் மாதவராவ் பேஷ்வாவையும் நானா பட்னவீசையும் சேர்த்து 1792இல் அவர் எழுதிய எண்ணெய்வண்ணப் படம் லண்டன் ராயல் ஆசியக் கழகத்தில் இருக்கிறது. மாலெட்டின் ஏற்பாட்டில் சனிவார் வாடாவுக்குள்ளேயே ஒரு சித்திரப் பள்ளி நடந்தது. மேல்நாட்டு முறையில், பொருளை எதிரே வைத்துப் பார்த்து, தூரமும் நிழலும் அளந்து வரையும் பயிற்சி. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் கலைப்பள்ளி தொடங்கியது 1850. பம்பாய் ஜே.ஜே. பள்ளி 1857. அவற்றுக்கு அரை நூற்றாண்டு முந்தியது இந்தப் பூனாப் பள்ளி. ஆனாலும் நம் கலை வரலாற்றுப் புத்தகங்கள் பல ஹண்டரிலிருந்தே கணக்கை ஆரம்பிக்கின்றன. முதல் பக்கம் கிழிந்த பேரேடு மாதிரி.

அந்தப் பள்ளியில் தேறியவர்களில் முதன்மையானவர் கங்காராம். வேல்ஸ் வருவதற்கு முன்னமே மாலெட்டுக்காகப் படம் வரைந்தவர். பேஷ்வாவின் மிருகசாலையில் இருந்த காண்டாமிருகத்தை அவர் எழுதிய படம் 1790ஐச் சேர்ந்தது. எல்லோரா குகைகளை அளந்து வரைந்தார். குகைகள் என்றால் எல்லாம்: பௌத்தம், சைவம், வடகோடியில் உள்ள எங்கள் இந்திரசபை முதலானவையும். மாலெட் எல்லோரா பற்றி எழுதிய கட்டுரை ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ ஆறாம் தொகுதியில் வந்தது. அதற்கும் துணை கங்காராமின் கைதான்.

1795 அக்டோபரில் இளம் பேஷ்வா சனிவார் வாடாவின் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த மாதமே வேல்ஸும் தாணாவில் காய்ச்சலில் போய்விட்டார். பள்ளி அதோடு சரி. வேல்ஸின் படங்களை வைத்து தாமஸ் டானியல் 1803இல் லண்டனில் எல்லோரா பற்றி 24 காட்சிகள் கொண்ட பெரிய புத்தகம் வெளியிட்டார். தலைப்புப் பக்கத்தில் வேல்ஸ் பெயர் உண்டு, டானியல் பெயர் உண்டு. கங்காராம் பெயர் கிடையாது. சித்தன்னவாசல்காரனுக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்திருக்கும்.

நேராமல் காப்பாற்றியது மாலெட் கட்டி எடுத்துக்கொண்டுபோன காகிதக் கட்டு. மாலெட் 1799இல் வேல்ஸின் மகளையே கலியாணம் செய்துகொண்டார். ஆசிரியர் படமும் மாணவர் படமும் ஒரே குடும்பத்தில் தங்கின. இன்று அவை அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் உள்ளன. அந்த யேல் யார்? 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து பணம் சேர்த்த எலிஹு யேல். பூனாக் கன்னார் ஒருவரின் கைவேலை கடைசியில் சென்னைக் கவர்னர் பெயர் கொண்ட இடத்தில்தான் அடைக்கலமானது. கரிக்கோல், மை, நீர்வண்ணம் எல்லாம் கலந்த தாள்கள். அவற்றுள் ஒன்று, புணேயின் வேதாள் குன்றில் தம் குருவோடு தாமும் இருப்பதாகக் கங்காராம் எழுதியது. படம் எழுதியவன் படத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான்!

இதை இன்றைக்கு நாம் சொல்லும் தன்னுருவ ஓவியம் என்று ஒப்புக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. முகம் தாளை நிறைக்கவில்லை. உருவம் சிறிது. கண்ணுக்குக் கீழே உள்ள சுருக்கத்தை எண்ண முடியாது. ஐரோப்பாவில் ஆல்பிரெக்ட் டூரர் 13 வயசுப் பையனாக 1484இல் கண்ணாடி பார்த்துத் தன்னை எழுதி, அப்படி எழுதினேன் என்று மேலே குறிப்பும் போட்டு வைத்தார். அது வெள்ளி முனையால் கீறியது, அழிக்கவே முடியாது. அது வியன்னாவில் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் கங்காராம் படத்தில் முகம் என்பது குருவுக்குப் பக்கத்தில் கிடைத்த இடம்தான். ஆனால் நான் ஒப்புக்கொள்வேன். பேஷ்வா, சர்தார், காண்டாமிருகம் என்று அதுவரை யார் யார் சொன்னதையோ எழுதிய கை, யாரும் கூலி கொடுக்காத ஒரு முகத்தை எழுதியிருக்கிறது. அந்த முகம் தன்னுடையது.

இனி அந்தக் கரிக்கோலுக்கு வருவோம். நாம் அதன் உள்ளே இருப்பதைக் காரீயம் என்கிறோம். பெயர் தப்பு. காரீயம் என்பது உலோகம். பென்சிலில் அது ஒரு குன்றிமணி எடைகூடக் கிடையாது. தப்பு நம்முடையதும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் போரோடேல் மலையில் இந்தக் கரும்பொருள் கிடைத்தபோது அங்கே ஆடு மேய்ப்பவர்கள் ஆட்டுக்குக் குறியிடப் பயன்படுத்தினார்களாம். கருப்பு ஈயம் என்றே நினைத்தார்கள். அது கரியின் இன்னொரு வடிவம் என்று 1779இல் ஷீலே என்ற சுவீடன் வேதியியலார் நிறுவினார். எழுதுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராஃபைட் என்று வெர்னர் பெயரிட்டது 1789. அப்புறம் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை. இங்கிலீஷ் சரக்கு பிரான்சுக்கு வரவில்லை. கோந்தே என்பவர் 1795இல் கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டுக் குச்சியாக்கினார். களிமண் கூடினால் கெட்டி, குறைந்தால் மிருதுவும் கருமையும். இன்று கடையில் 2எச், எச்பி, 2பி, 6பி என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் சூட்சுமம் இந்தக் களிமண் கணக்குதான். சரக்குத் தட்டுப்பாட்டில் புது வழி பிறப்பது வியாபாரிகளுக்குப் புதுசு இல்லை.

கங்காராம் சனிவார் வாடாவில் உட்கார்ந்து வரைந்த அதே ஆண்டுகளில்தான் பாரிசில் இது நடந்தது. அவர் கையில் இருந்தது கப்பலில் வந்த பழைய மாதிரிக் கட்டியாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கரும்பொருள் நம் பக்கமே நிலத்துக்குள் கிடந்தது. இலங்கையில் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக உயர்ந்த கிராஃபைட் கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து உலகம் முழுக்கப் போன சரக்கு அது. தமிழ்நாட்டில் சிவகங்கைப் பக்கம் உண்டு. அரசின் கனிம நிறுவனம் அங்கே வெட்டிச் சுத்தம் செய்கிறது. இதில் எனக்குத் தெரிந்த ஒரு சங்கதி: பென்சிலுக்குப் போனது கொஞ்சம்தான். பெரும்பகுதி மூசைக்குப் போனது. பித்தளையும் செம்பும் உருக்கும் மூசை. நெருப்பில் வெடிக்காது, உலோகத்தோடு ஒட்டாது. தாம்பட் தெருவுக்கும் சித்திரக்காரன் கைக்கும் ஒரே கல் போயிருக்கிறது. கங்காராம் குலத்தொழிலை விட்டாரே தவிர அதன் கருவியை விடவில்லை என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு.

பிற்காலத்தில் நம் நாட்டிலேயே பென்சில் செய்ய ஆரம்பித்தார்கள். பம்பாயில் 1958இல் தொடங்கிய கம்பெனி ஒன்று தில்லை அம்பலவாணர் பெயரையே வைத்து நடராஜ் பென்சில் விற்றது. மரம் பெரும்பாலும் காஷ்மீரின் புல்வாமாப் பக்கத்துப் பாப்ளார். எங்கப்பா காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கேட்டிருக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். 1961 ஜூலை 12ஆம் தேதி பான்ஷேத் அணை உடைந்து, கீழே இருந்த கடக்வாஸ்லாவும் உடைந்து, முடா ஆறு பூனாவுக்குள் புகுந்தது. எனக்கு அப்போது இரண்டு வயசு. எங்கள் வாடாவில் கழுத்துமட்டம் தண்ணீர் நின்றதாம். உயிர் தப்பினோம், பாத்திரங்கள்கூடச் சேற்றிலிருந்து தோண்டிக் கிடைத்தன. பெட்டியில் இருந்த கலியாணப் போட்டோவும், ஸ்டூடியோவில் அப்பா தனியாக எடுத்துக்கொண்ட ஒன்றும் கூழாகிப் போயின. அதற்கப்புறம் ஆற்றுக்கு அக்கரை, இந்த ஏரவாடாவுக்கு வந்து சேர்ந்தோம். ஏரவாடா என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1871இல் கட்டிய சிறையும், 1932 செப்டம்பரில் காந்தி அங்கே இருந்த உண்ணாவிரதமும் பூனா ஒப்பந்தமும்தான். எங்களுக்கு அது மேட்டு நிலம், அவ்வளவே. அப்பா மறுபடி போட்டோவுக்கு உட்காரவில்லை. கடையைத் தூக்கி நிறுத்தவே நேரம் சரியாக இருந்தது. 1966இல் போய்விட்டார். ஏழு வயசுப் பையனுக்கு என்ன முகம் நினைவிருக்கும்? வேட்டி நினைவிருக்கிறது. கை நினைவிருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன் பேத்தி மகாராஷ்டிர அரசின் எலிமெண்டரி சித்திரத் தேர்வுக்குப் படித்தாள். அவளுக்கு வாங்கிய பென்சில்கள் வீட்டில் கிடந்தன. கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். கங்காராமைப் பற்றி எழுத உட்கார்ந்தவன், அவர் செய்ததைச் செய்து பார்க்காமல் எழுதுவது சரக்கைத் தொடாமல் விலை சொல்வது போல என்று தோன்றி, ஒரு சவரக் கண்ணாடியைச் சன்னல் பக்கம் சாய்த்து வைத்து என் முகத்தை எழுத ஆரம்பித்தேன். இன்னொரு எண்ணமும் இருந்தது. மகன் முகத்தில் தகப்பன் முகம் இருக்கும் என்பார்கள். அறுபதைத் தாண்டிய என் முகத்தை உள்ளபடி எழுதினால் அதிலிருந்து அவர் எட்டிப் பார்க்க மாட்டாரா?

முதல் படம் குரங்கு. காரணம் பேத்தி சொன்னாள்: “தாத்தா, கண்ணை ரொம்ப மேல வச்சிட்டீங்க.” உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண் சரியாக நடுவில் வருகிறது. நாம் நெற்றியைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இந்த வழுக்கைக்குப் பிறகும் எனக்கு அது தெரியவில்லை பாருங்கள். கண்ணாடியில் இன்னொரு வேடிக்கை. அதன்மேலேயே முகத்தின் ஓரத்தைக் கோடு போட்டு அளந்தால் உள்ள அளவில் சரியாகப் பாதிதான் வரும். கிட்டப் போனாலும் எட்டப் போனாலும் பாதி. சவுக்கம் வைத்து மூன்று முறை அளந்தேன், மாறவில்லை.

ஒரு பக்கத்து வெளிச்சம் வேணும். காலை எட்டரை முதல் பத்து வரை எங்கள் சன்னலில் அது கிடைக்கும். முதலில் 2எச்சால் லேசாக எல்லைக்கோடு. பிறகு எச்பி, 2பி என்று நிழலை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். ஒரேயடியாக அழுத்தினால் கிராஃபைட் மினுமினுத்துப் போகும், அதன்மேல் வேறு எதுவும் பிடிக்காது. தாம்பட் ஆளியில் பார்த்த தட்டுகள் இங்கே உதவின. ஒரே சீராக, அவசரமில்லாமல். மூக்குக்குக் கோடே கிடையாது என்பதும் எழுதும்போதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெளிச்சம், நடுவில் நாம் கற்பனையாகப் பார்ப்பதுதான் கோடு. புனையா ஓவியம் என்று பழைய புலவர் சொன்னது கோட்டை. இது கோட்டையும் கழற்றி வைத்துவிட்ட ஓவியம்.

உள்ளபடி எழுதுவது லேசில்லை. கண்ணுக்குக் கீழே தொங்கும் பையைக் கை தானாகவே குறைத்துப் போடுகிறது. உதட்டை இறுக்கமாகக் காட்டுகிறது. வெறித்துப் பார்த்துக்கொண்டே இருப்பதால் எல்லாத் தன்னுருவப் படத்திலும் ஆள் கோபமாக இருப்பதுபோல் வருகிறது. நான் அப்படிக் கோபக்காரன் இல்லை என்று வீட்டில் சொன்னேன். யாரும் பதில் சொல்லவில்லை.

ஐந்தாவது படம் தேவலாம் என்று வந்தது. போன தை மாதம் ஊருக்குப் போனபோது சுருட்டி எடுத்துப்போனேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, வந்தவாசி அருகே கிராமத்தில் இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிற வயசு. அப்பா முகத்தை நன்றாக அறிந்தவர் என்று இனி அவர் ஒருவர்தான். திண்ணை வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் எதிர்பார்த்த சொல் வரவில்லை.

“இது உங்கப்பன் மூக்கு இல்லடா. உங்கம்மா மூக்கு. வாயும் அவளுதுதான்.”

“அப்போ அப்பா ஜாடை எதுவுமே இல்லையா அத்தை?”

படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விரலை வைத்தார். “காது. இந்தக் காதுதான் அவன்து. இந்தப் பக்கத்துக் காதுலதான் பென்சில் சொருகுவான், அது வெளிய தள்ளிக்கிட்டு நிக்கும். உனக்கு எப்படிடா வந்துச்சு?”

நானும் நாற்பது வருஷம் காதில் பென்சில் செருகியவன்தான். ஆனால் அத்தை தொட்டது படத்தில் இருக்கும் காது. கண்ணாடி பார்த்து எழுதியதில் பக்கம் மாறிப்போகும். அப்பா எந்தக் காதில் செருகினார் என்று அத்தையிடம் அவர் காதைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். முதலில் வலது காதைத் தொட்டார், பிறகு யோசித்து இடதைத் தொட்டார்.

ஏரவாடாவுக்குத் திரும்பி ஆறாவது படத்தைத் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை கண்ணாடி இரண்டு, ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிறுத்தினால் பக்கம் மாறாமல் தெரியும். காதிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.